டெல்டாவுக்குச் சாப்பிடப் போகிறவர்களுக்கு

தஞ்சாவூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, நாகப்பட்டினம் பக்கம் பூர்வீகம் உள்ளவர்கள் சிங்கப்பூரில் ஏராளம். திருச்சிக்கு டிக்கெட் போட்டால் நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். போகும் வழியிலேயே மனம் எந்தக் கடையில் என்ன சாப்பிடலாம் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடும். ஒன்று சொல்கிறேன்: பழைய ருசியை நாக்கில் வைத்துக்கொண்டு கடை தேடாதீர்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. ஆலங்குடி, கீரமங்கலத்தில் பலா மரங்கள் வேரோடு விழுந்தன. வேதாரண்யம் உப்பளங்களில் சேறு படிந்தது. மல்லிப்பட்டினத்தில் படகுகள் நொறுங்கின. தேங்காய், பலா, உப்பு, மீன் எல்லாம் ஒரே இரவில் போயின. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை.

கடைகள் சீக்கிரமே திறந்துவிட்டன. சாப்பாடு திரும்பத்தான் நாளாகிறது. நெட்டைத் தென்னை காய்க்க 6, 7 வருஷம் பிடிக்கும். புயலுக்கு அடுத்த வருஷம் நட்ட கன்றுகள் இப்போதுதான் பலன் தரத் தொடங்கியிருக்கின்றன. கொல்லையில் பறித்த தேங்காயை அப்படியே அரைத்த மெஸ்காரர்கள் இவ்வளவு காலமும் சந்தையில் காசு கொடுத்து வாங்கினார்கள். 2025இல் தேங்காய் விலை ஏறிய ஏற்றத்தில் சட்னியில் பொட்டுக்கடலை கூடியது, குழம்பில் தேங்காய்ப்பால் குறைந்தது. 'முன்ன மாதிரி இல்லையே' என்று கல்லாவில் நிற்பவரிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். அவருக்கு அது தெரியும்.

மீன் ஆசையில் போகிறவர்கள் தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் கிடைக்கும். கொஞ்சமாகத்தான் வரும், விலையும் கூடுதல். நாகூர் வாடா என்ற அரிசிமாவுப் பலகாரத்தைச் சாயங்காலம் சூடாகச் சாப்பிடுங்கள், வரும்போது தம்ரொட்டி என்ற இனிப்பை வாங்கிக்கொள்ளுங்கள். திருவையாற்று அசோகா அல்வா, இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கும்பகோணம் கடப்பா பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நிலப் பத்திரம். சாப்பாட்டுக் கட்டுரையில் இது எதற்கு என்று நினைக்காதீர்கள்.

என் சித்தப்பா ஊர்க் கடைவீதியில் மெஸ் நடத்துகிறார். தேங்காயும் வாழை இலையும் எங்கள் தோப்பிலிருந்துதான் போகும். தோப்பில் பாதி அவர் பெயரில், பாதி என் அப்பா பெயரில். இரண்டுக்கும் தண்ணீர் பாய்ச்சிக் காவல் காத்தவர் சித்தப்பா மட்டும். புயலில் இரண்டு பாதியும் போயின. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. அவர் மரங்களுக்குப் பணம் வந்தது. அப்பாவின் மரங்களுக்கு வரவில்லை. பட்டாதாரர் உயிரோடு இல்லை, வாரிசுகள் சிங்கப்பூரில். வெட்டுக்கூலியும் புதுக் கன்றும் சித்தப்பாவின் கைக்காசு.

இப்போது மெஸ்ஸைப் பெரிதாக்க வங்கிக் கடன் வேண்டும் என்கிறார். "தம்பி, ஒங்க பங்கையும் என் பேருக்கு எழுதிக் குடுத்துடு. நீ வந்து வெவசாயமா பண்ணப் போற?" என்றார். இலையில் சோறு போட்டுக்கொண்டேதான் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. திருப்பிச் சொல்லப் பதில் இல்லாததால் இன்னும் கோபம் வந்தது.

எழுதிக் கொடுப்பதோ வைத்துக்கொள்வதோ, முதலில் பட்டா எங்கள் பெயருக்கு மாற வேண்டும். அதற்கு வாரிசுச் சான்றிதழ். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாலுகா அலுவலகம் என்று மனு நகர்ந்தது, அதன் பின்னாலேயே நானும் நகர்ந்தேன். ஒரு மேசையில், அப்பா கடைசியாக இங்கே குடியிருக்கவில்லையே, நாங்கள் எப்படிச் சான்று தருவது என்றார்கள். அடுத்த மேசையில், சிங்கப்பூர் இறப்புச் சான்றிதழ் இங்கே செல்லுமா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். பட்டாவில் அப்பா பெயர் தலைப்பெழுத்தோடு இருக்கிறது. சிங்கப்பூர்ப் பத்திரத்தில் தாத்தா பெயரும் சேர்ந்து நீளமாக இருக்கிறது. இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்று கொண்டு வா என்றார்கள். அதைக் கொண்டு போனபோது அதிகாரி ஆய்வுக்குப் போயிருந்தார். மறுநாள் வேறு கூட்டம். அப்பா பிறந்து, படித்து, கோயில் தேர் இழுத்த ஊரில், அவர் அந்த ஊர்க்காரர் என்று நான் நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த மர பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம் நெஞ்சில் அப்படியே கிடக்கிறது. மதியச் சாப்பாட்டு வேளைகள் எல்லாம் அங்கேயே கழிந்தன.

ஆகவே கிளம்புவதற்கு முன்பே செய்யுங்கள். உங்கள் நிலத்துக்குச் சிட்டா, அதாவது வருவாய்த் துறையின் நிலப் பதிவு, யார் பெயரில் இருக்கிறது என்பதைத் தமிழக அரசின் இணையதளத்தில் பார்க்கலாம். இறப்பு, பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்குச் சிங்கப்பூரிலேயே அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அத்தாட்சி) வாங்குங்கள். 2021 செப்டம்பர் முதல் இங்கே அந்த வசதி உண்டு. ஊரில் ஒருவருக்குப் பவர் (உங்கள் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) கொடுப்பதானால், பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும்.

இன்னொன்று. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர்கள் வாரிசாக வந்த விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் அட்டை) இருந்தாலும் புதிதாக விலைக்கு வாங்க முடியாது. சித்தப்பா பெயருக்கு எழுதிவிட்டால் அது போனதுதான். உங்கள் பிள்ளைகளிடம் பேசிவிட்டு, அவர் வியர்வையையும் நினைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். பந்தியில் உட்கார்ந்து எதற்கும் சரி சொல்லாதீர்கள்.

போவதற்கு நல்ல காலம் தை மாதம். சம்பா அறுவடை நடக்கும், புது அரிசி வரும், வெயிலும் ஏறியிருக்காது. பொங்கல் வாரத்தில் அலுவலகங்களுக்கு விடுமுறை. நிறைய மெஸ்களும் மூடியிருக்கும். பொங்கல் கழிந்த திங்கட்கிழமை தாலுகா அலுவலகத்துக்குப் போங்கள், காலையிலேயே போங்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணிக்குள் மெஸ்ஸில் இருங்கள். நல்ல மீன் அதற்குமேல் மிஞ்சாது.