மெகரும் டெஸ்ட் லாம்ப்பும் டிரைவ் பேனலில்: மில் எலெக்ட்ரீஷியன்களுக்கான எலெக்ட்ரானிக்ஸ் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் பத்து, பதினைந்து வருடம் வேலை பார்த்த எலெக்ட்ரீஷியனுக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் தண்ணீர் பட்ட பாடு. கான்டாக்டர் போடும் சத்தத்தை வைத்தே கோளாறு காயிலிலா, காண்டாக்ட்டிலா என்று சொல்லிவிடுவார். அவரை எலெக்ட்ரானிக்ஸ் பயிற்சிக்கு உட்கார வைத்து, முதல் நாளே குறைகடத்தி, எலெக்ட்ரான், துளை என்று பலகையில் எழுதத் தொடங்குவதுதான் பயிற்சி தருபவர்கள் செய்யும் பெரிய தவறு. கரண்ட் வேலையில் சரியாக இருந்த எந்தெந்தப் பழக்கம் டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் எலெக்ட்ரானிக் கருவி) பேனலில் கார்டை (சர்க்யூட் போர்டை) எரிக்கும் என்பதைத்தான் அவருக்கு முதலில் சொல்ல வேண்டும்.

அதில் முதலிடம், இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகருக்கு. மோட்டார் ட்ரிப் ஆனால் மெகர் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் மோட்டார் கேபிள் டிரைவின் யூ, வி, டபிள்யூ முனைகளில் மாட்டியிருக்கும்போதே 500 வோல்ட் மெகரைப் போட்டால், அந்த வோல்டேஜ் வைண்டிங்கோடு நிற்காது. டிரைவுக்குள் சுவிட்சாக வேலை செய்யும் ஐஜிபிடி டிரான்சிஸ்டர் வரைக்கும் போகும். மோட்டார் நன்றாகவே இருந்திருக்கும், டிரைவ் போய்விடும். ஆகவே டிரைவ் பக்கத்தில் மூன்று வயரையும் கழற்றித் தனியே விலக்கி வைத்துவிட்டு, கேபிளையும் மோட்டாரையும் சேர்த்து எர்த்துக்கு மெகர் போட வேண்டும். மோட்டார் டெர்மினல் பாக்ஸில் மட்டும் கழற்றி மோட்டாரைச் சோதித்தால், கேபிளில் உள்ள கோளாறு தெரியாமல் போகும். வைண்டிங்குக்குள் சூட்டை உணரும் தெர்மிஸ்டர் இருந்தால், அதன் இரண்டு வயருக்கும் நடுவே மெகர் போடவே கூடாது. மல்டிமீட்டரின் ஓம்ஸ் போதும்.

திரும்ப மாட்டும்போது இன்னொரு ஆபத்து. உள்ளே வரும் சப்ளையை மோட்டார் முனைகளில் மாட்டி ஆன் செய்தால் டிரைவ் அந்த நொடியே காலி. கழற்றுவதற்கு முன்பே வயருக்கு நம்பர் ஒட்டிவிடுங்கள். நைட் ஷிஃப்ட்டில் ஞாபகத்தை நம்பக் கூடாது.

மெயின் ஆஃப் செய்தால் கரண்ட் இல்லை என்ற எண்ணம் உயிருக்கே உலை வைக்கும். 415 வோல்ட் ஏசி டிரைவுக்குள் ரெக்டிஃபை ஆகி, 415-ஐ 1.414-ஆல் பெருக்கினால் வரும் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 587 வோல்ட் டிசியாக, கெப்பாசிட்டரில் நிற்கிறது. ஆஃப் செய்த பிறகும் அது உடனே இறங்காது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவின் மூடியிலோ மேனுவலிலோ போட்டிருக்கும். சிறியதற்கு 5 நிமிடம், பெரியதற்கு 10, 15 நிமிடம் என்று இருக்கும். சார்ஜ் விளக்கு அணைந்ததை மட்டும் வைத்துக் கை வைக்காதீர்கள், விளக்கே ஃபியூஸ் போயிருக்கலாம். மீட்டரை முதலில் தெரிந்த ஒரு சப்ளையில் வைத்து வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு டிசி பிளஸ், மைனஸ் முனைகளுக்கு நடுவே அளந்து, 50 வோல்ட்டுக்குக் கீழே வந்தபின்பே கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி தட்டி இறக்குவதை எந்தப் பயிற்சியாளரும் வேடிக்கைக்குக்கூடச் செய்து காட்டக் கூடாது. பார்த்தவர் அதையேதான் செய்வார்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது: டிசி மைனஸ் முனை எர்த் அல்ல. ஓடும் டிரைவில் அது எர்த்துக்குக் கீழே 280, 290 வோல்ட்டில் இருக்கும். அலைவடிவத்தைக் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் முதலைக் கிளிப் உள்ளுக்குள் எர்த்தோடு சேர்ந்திருக்கும். அந்தக் கிளிப்பை மைனஸில் மாட்டினால் நேராக ஷார்ட். புரோப் தெறிக்கும், டிரைவும் போகும். இதைத் தவிர்க்கிறேன் என்று ஸ்கோப்பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஸ்கோப்பின் உடம்பே 290 வோல்ட்டில் நிற்கும். எர்த்தைத் தொடாமல் இரண்டு முனைகளுக்கு நடுவே அளக்கும் டிஃபரென்ஷியல் புரோப் இல்லையென்றால் ஸ்கோப்பை டிரைவ் பவர் பக்கம் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

டிரைவ் போய்விட்டதா என்று பார்க்க மில் எலெக்ட்ரீஷியனுக்கு ஸ்கோப்பே தேவையில்லை, மீட்டரின் டயோடு மோடு போதும். டிசி இறங்கியதை உறுதி செய்து, மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு, சிவப்பு புரோபை டிசி மைனஸில் வைத்துக் கறுப்பை யூ, வி, டபிள்யூ என்று ஒவ்வொன்றாகத் தொடுங்கள். 0.3 முதல் 0.5 வரை காட்ட வேண்டும். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். அடுத்துச் சிவப்பை யூவில் வைத்துக் கறுப்பை டிசி பிளஸ்ஸில் வைத்தால் அதே அளவு வரும். இப்படி ஆறு அளவு. ஏதாவது ஒன்று 0.00 காட்டினால் அந்த ஐஜிபிடி ஷார்ட். இரண்டு பக்கமும் திறந்தே காட்டினால் அந்தக் கால் அறுந்துவிட்டது. இங்கே பலர் ஏமாறும் இடம்: ஆறும் சரியாக வந்தாலும் டிரைவ் நல்லதென்று ஆகாது. நாம் பார்த்தது ஐஜிபிடியோடு சேர்ந்திருக்கும் டயோடை மட்டுமே. ஐஜிபிடியை ஆன், ஆஃப் செய்யும் கேட் டிரைவர் சர்க்யூட்டின் கோளாறு இந்தச் சோதனையில் தெரியாது. ஷார்ட் கண்ட டிரைவுக்குப் புது ஃபியூஸ் போட்டு ‘ஒரு தடவை பார்ப்போம்’ என்று ஆன் செய்வதை அறவே விட்டுவிட வேண்டும். கொஞ்சநஞ்சம் பிழைத்திருந்த பாகமும் அதில் போய்விடும்.

டெஸ்ட் லாம்ப் அடுத்தது. 230 வோல்ட் வேலையில் அதற்கு இணை இல்லை. 24 வோல்ட் டிசி பேனலில் கார் பல்பை வயரில் கட்டிக்கொண்டு சென்சாரையும், மெஷினை இயக்கும் பிஎல்சி கன்ட்ரோலரின் அவுட்புட்டையும் தொடுவது வேறு கதை. 24 வோல்ட், 21 வாட் பல்பு எரியும்போதே ஏறக்குறைய 0.9 ஆம்பியர் இழுக்கும். குளிர்ந்த இழை முதல் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். டிரான்சிஸ்டர் அவுட்புட் பெரும்பாலும் அரை ஆம்பியர் தாங்கும், பொருள் அருகில் வந்ததை உணரும் பிராக்ஸிமிட்டி சென்சார் 200 மில்லி ஆம்பியர் அளவு. இங்கே மீட்டர்தான் சரி. ஆனால் மீட்டருக்கும் ஒரு குணம் உண்டு. அதன் உள்தடை 10 மெகா ஓம் என்பதால், நீள கேபிளில் எங்கும் இணைக்காத ஒரு வயரில்கூட 60, 80 வோல்ட் ஏசி காட்டும். பக்கத்து வயரிலிருந்து தூண்டப்பட்டு வந்த பேய் வோல்டேஜ் அது. உள்தடையைக் குறைத்து அளக்கும் லோ-இசட் மோடு உள்ள மீட்டரில் பார்த்தால் காணாமல் போகும்.

மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு அடுத்தவர் வோல்டேஜ் அளக்கப் போவது பயிற்சிக் கூடங்களில் அடிக்கடி நடக்கும். அப்போது மீட்டர் ஒரு வயர் துண்டுக்குச் சமம். உள்ளே பெரிய ஷார்ட் கரண்டையும் வெடிக்காமல் துண்டிக்கும் சரியான எச்ஆர்சி ஃபியூஸ் இருந்தால் அது போகும். கண்ணாடி ஃபியூஸ் மாற்றிப் போட்டிருந்தால் மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். ஆம்பியர் அளந்ததும் வயரை மாற்றிவிட்டுத்தான் மீட்டரைக் கீழே வைக்க வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே பழக்குங்கள்.

சென்சார் மாற்றுவதில் நிறம் ஒன்றுபோல இருப்பதே குழப்பம். பழுப்பு பிளஸ் 24, நீலம் பூஜ்யம், கறுப்பு அவுட்புட்; பிஎன்பி, என்பிஎன் என்ற இரண்டு வகை சென்சாருக்கும் இதே நிறம்தான். பிஎன்பி கறுப்பு வயரில் பிளஸ்ஸைக் கொடுக்கும், என்பிஎன் அதைப் பூஜ்யத்துக்கு இழுக்கும். மாற்றி மாட்டினால் சென்சாரில் எல்இடி அழகாக எரியும், பிஎல்சி இன்புட்டில் விளக்கு வராது. கார்டு போய்விட்டது என்று அதையும் கழற்றுவார்கள். பழைய சென்சாரின் மேல் அச்சிட்ட எழுத்தைப் படித்துவிட்டு ஸ்டோரில் கேட்டால் இந்த அலைச்சல் இல்லை.

சென்சாரின் அளவைக் கரண்டாக அனுப்பும் 4-20 மில்லி ஆம்பியர் லூப்பைத் தொடரில்தான் அளக்க வேண்டும். பாதி அளவுக்கு 12 வரும். 4 வந்தால் அளவு பூஜ்யம், 0 வந்தால் வயர் அறுந்திருக்கிறது அல்லது சப்ளை இல்லை. இந்த வித்தியாசம் புரிந்தவர் டிரான்ஸ்மிட்டரைத் தேவையில்லாமல் மாற்ற மாட்டார்.

24 வோல்ட் டிசி ரிலே, சோலனாய்டு காயில்களின் குறுக்கே போடும் டயோடு விட்டுப்போனால், காயில் ஆஃப் ஆகும்போது எழும் வோல்டேஜ் பிஎல்சி அவுட்புட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும். 1என்4007 போதும், கோடு உள்ள பக்கம் பிளஸ்ஸுக்கு. திருப்பிப் போட்டால் அவுட்புட்டே ஷார்ட்.

நூற்பாலைக்கென்றே ஒரு தவறு இருக்கிறது: டிரைவில் படிந்த பஞ்சை ஏர் லைனால் ஊதுவது. காற்றில் வரும் ஈரமும் எண்ணெயும் கார்டில் ஒட்டும், பஞ்சு ஹீட்சிங்க்கின் இடுக்குக்குள் இன்னும் ஆழமாகப் போகும், ஃபேன் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடும். பிரஷ்ஷும் வேக்குவமும் வைத்து எடுங்கள், ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஹீட்சிங்க் அடைத்தால் உள்ளே சூடு ஏறும். 10 டிகிரி கூடினால் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மாற்றும்போது 85 டிகிரி கெப்பாசிட்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று போடாமல் 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள்தடை குறைந்தது) பார்த்து வாங்குங்கள்.

சால்டரிங்கைப் பழுதான கார்டுகளில்தான் பழக வேண்டும். பாத்திரம் ஒட்டும் ஆசிட் ஃபிளக்ஸ் பயிற்சி மேசைக்கே வரக் கூடாது. சில மாதத்தில் அது தடத்தை அரித்துவிடும். ரோசின் உள்ள 60/40 ஈயம், முனை 350 டிகிரிக்குள், ஒரு காலுக்கு இரண்டு மூன்று நொடி. பேட் தூக்கிக்கொண்டு வந்தால், கையை எடுக்கத் தாமதம் என்று அர்த்தம்.