ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு ஒரு கிரியேட்டினின் நோட்டு

மதுரை செல்லூரில் தறி ஓட்டிய அப்பாவுக்கு, இதய ரத்தக்குழாய் அடைப்பை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வைத்து மூன்று வருஷமாகிறது. கிட்னி அதற்கு முன்பே பழுது. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு ஸ்டென்ட் திரும்ப அடைப்பதும், மறுபடி மாரடைப்பு வருவதும், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையால் ரத்தம் கசிவதும் மற்றவர்களைவிட அதிகம்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு), இஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் வேகம்), சிறுநீர் ஆல்புமின் (சிறுநீரில் கசியும் புரதம்) மூன்றையும் தேதியோடு எழுதுங்கள். இஜிஎஃப்ஆர் மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே நின்றால் அது நாள்பட்ட கிட்னி நோய். மறுபடி ஆஞ்சியோ (சாயம் செலுத்தி இதய ரத்தக்குழாயைப் படமெடுப்பது) என்றால் நோட்டை முன்கூட்டியே நீட்டுங்கள். கிட்னியைப் பாதிக்கக்கூடிய அந்தச் சாயத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று பார்ப்பார்கள். ஆஞ்சியோ எடுத்த 2, 3 நாளில் கிரியேட்டினினைத் திரும்பப் பாருங்கள்.

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் இரண்டையும், பல் பிடுங்க வேண்டுமென்று யார் சொன்னாலும், இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மலம் கறுத்துப் போனால் உள்ளே ரத்தம் கசியலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மூட்டுவலிக்கு மெடிக்கலில் கிட்னிக்கு ஆகாத வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டு, ஒரே வாரத்தில் காலை வீங்க வைத்துக்கொண்டார் மனுஷன். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. அந்த மாத்திரை அட்டை இப்போது வாசல் தாண்டாது.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள். ஊறுகாயும் அப்பளமும் அதில் சேர்த்தி. பொட்டாசியம் ஏறியிருந்தால் இளநீரும் கூடாது. கறிதோசை மாசத்துக்கு ஒன்று, அதிலும் பாதி. அதற்கே முறைக்கிறார்.