அந்தத் துப்பாக்கி யாருடையது? அறிபுனைத் தொடரைப் படத்திலும் காமிக்ஸிலும் வளர்க்க ஒரு வழிகாட்டி

காமிக்ஸ் பலூன்களுக்குள், அதாவது பாத்திரங்கள் பேசும் குமிழ்களுக்குள், எழுத்து போடுவது என் தொழில். கதாசிரியரும் ஓவியரும் மல்லுக்கட்டி ஓய்ந்த பிறகுதான் பக்கம் என் கைக்கு வரும். கடைசி ஆள் என்பதால், எந்தப் பாத்திரத்தின் பெயர் போன இதழில் எப்படி இருந்தது, எந்தக் கப்பல் எந்த ஆண்டு வெடித்தது என்கிற கணக்கும் என் தலையில்தான் விழும். குறும்படம் ஒன்றை எடுத்துவிட்டு, "இதை ஒரு யுனிவர்ஸா வளர்க்கணும், காமிக்ஸும் போடணும், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டு வருகிற பிள்ளைகள் இப்போது அதிகம். அவர்களுக்குச் சொல்வதைத்தான் எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஏலியன், பிரிடேட்டர் இரண்டும் போதும். முன்னதில் மனித உடலைப் பிளந்து பிறக்கும் அமில ரத்த ஜந்து, பின்னதில் மனிதர்களை வேட்டையாட வரும் வேற்றுக்கிரகவாசி. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் படமும் காமிக்ஸும் ஒன்றிடம் ஒன்று கடன் வாங்கியும், ஒன்றை ஒன்று மிதித்தும் வளர்ந்த தொடர்கள் அவை.

முதல் வேலை, இருக்கிற படத்தை மறுபடி போட்டுப் பார்ப்பது. இந்த முறை கதையை விட்டுவிடுங்கள். காட்டிவிட்டு விளக்காமல் போன பொருள்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

1990இல் வந்த 'பிரிடேட்டர் 2' படத்தின் கடைசியில், மூத்த வேற்றுக்கிரக வேட்டைக்காரன் ஒருவன் நாயகனாக நடித்த டேனி குளோவருக்குப் பழைய கைத்துப்பாக்கி ஒன்றைத் தூக்கிப் போடுவான். அதில் 'ரஃபேல் அடோலினி 1715' என்று பொறித்திருக்கும். அவ்வளவுதான், 'எடுத்துக்கொள்' என்பதற்கு மேல் வசனம்கூட இல்லை. ஆனால் இந்த ஜீவன்கள் பல நூற்றாண்டுகளாக இங்கே வந்து போகிறார்கள் என்பது அந்த ஒரு பொருளிலேயே தெரிந்துவிடுகிறது. 1996இல் டார்க் ஹார்ஸ் நிறுவனம் '1718' என்று ஒரு சின்ன காமிக்ஸ் கதை போட்டது. அதில் அடோலினி ஒரு கடற்கொள்ளைக் கப்பலின் தலைவன். சொந்த ஆட்களே எதிர்த்துக் கிளம்ப, பிரிடேட்டர் அவன் பக்கம் நின்று சண்டை போடுகிறது. சாகும்போது துப்பாக்கியை அதற்கே கொடுத்துவிடுகிறான். சில பக்கங்கள்தான், நிறைவான கதை.

பிறகு 2022இல் அதே பிரிடேட்டர் தொடரில் 'பிரே' படம் வந்தது. 1719ஆம் ஆண்டு, வட அமெரிக்கப் புல்வெளி, நாரு என்கிற கொமான்சி இனப் பெண். அதிலும் அடோலினி வருகிறான், ஆனால் இங்கே பிரெஞ்சு வேட்டைக்காரர்களோடு திரிகிற மொழிபெயர்ப்பாளன். தன் காயத்துக்கு அவள் மருந்து போட்டதற்காகத் துப்பாக்கியை அவளிடம் கொடுக்கிறான். கப்பல் தலைவன் கதை அந்த நிமிடமே செல்லாததாகிவிட்டது. ரசிகர்கள் சிலருக்குக் கோபம். எனக்கு வரவில்லை. 'பிரே' எடுத்தவர்கள் அந்தப் பொருளை மறுபடி ஒரு முடிச்சாகவே விட்டுவைத்தார்கள். படம் முடியும்போது துப்பாக்கி கொமான்சிகளிடம் இருக்கிறது. அது எப்படி வேட்டைக்காரர்களிடம் திரும்பிப் போயிற்று? கடைசிப் பெயர்ப் பட்டியலோடு ஓடுகிற ஓவியங்களில் வானிலிருந்து கப்பல்கள் இறங்குவதை மட்டும் காட்டி நிறுத்துகிறார்கள். 2025இல் வந்த 'கில்லர் ஆஃப் கில்லர்ஸ்' அனிமேஷனில் உறைநிலையில் கிடக்கும் கைதிகளுக்கு நடுவே நாரு தெரிகிறாள். இப்போதும் முழு விடை இல்லை. ஒரே ஒரு சாமான், முப்பத்தைந்து ஆண்டு தீனி.

ஆகவே உங்கள் நோட்டில் பத்துப் பொருள் சேர்ந்தால், அத்தனைக்கும் விடை எழுத உட்காராதீர்கள். இரண்டு மூன்றைக் காமிக்ஸுக்குக் கொடுங்கள். மிச்சத்தைப் பூட்டி வையுங்கள்.

இரண்டாவது, மோதல் வந்தால் யார் விட்டுக்கொடுப்பது என்பதை முன்னாலேயே முடிவு செய்யுங்கள். பதிலை நானே சொல்லிவிடுகிறேன்: காமிக்ஸ்தான் விட்டுக்கொடுக்கும். பணம் எங்கே அதிகம் போட்டிருக்கிறதோ அது வைத்ததுதான் சட்டம். அடுத்தவர் படத்தை வைத்து எழுதும் காமிக்ஸ்காரர் வாடகைக்குக் குடியிருப்பவர் மாதிரி. கோலம் போடலாம், தொட்டி வைத்துச் செடி வளர்க்கலாம். சுவரை இடிக்க முடியாது.

இதற்குத் தெளிவான சாட்சி 1988இல் தொடங்கிய 'ஏலியன்ஸ்' காமிக்ஸ். மார்க் வெர்ஹெய்டன் எழுத்து, மார்க் நெல்சன் கறுப்பு வெள்ளை ஓவியம். ஜேம்ஸ் கேமரூனின் 1986 'ஏலியன்ஸ்' படத்தில் உயிர் தப்பிய ஹிக்ஸையும் நியூட்டையும் பல ஆண்டுகள் கழித்துக் காட்டியது. ஹிக்ஸ் முகத்தில் தழும்பு, நியூட் மனநல விடுதியில். நல்ல, இருட்டான கதை. 1992இல் 'ஏலியன் 3' வெளியானது. டேவிட் ஃபின்ச்சர் படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே இருவரும் செத்துப்போனார்கள். டார்க் ஹார்ஸ் என்ன செய்தது? மறுபதிப்பில் ஹிக்ஸை வில்க்ஸ் ஆக்கினார்கள், நியூட்டை பில்லி ஆக்கினார்கள். அதே முகம், அதே பேச்சு, பெயர் மட்டும் வேறு. பழைய பெயர்கள் திரும்பியது 2016இல், முப்பதாம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பில். நான்கு எழுத்துப் பெயரை அழித்துவிட்டு வேறு பெயரைப் பலூனில் உட்கார வைப்பது எவ்வளவு எரிச்சலான வேலை என்று என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கதாசிரியரின் வயிற்றெரிச்சல் தனி.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. அடுத்த படத்துக்குத் தேவைப்படக்கூடிய பாத்திரத்தைக் காமிக்ஸில் நாயகனாக்காதே. அதே உலகத்தில் வேறு ஓர் ஆளைக் கண்டுபிடி. டார்க் ஹார்ஸே 1989-90இல் இதைச் செய்து காட்டியது. இரண்டு தொடர்களையும் மோதவிட்ட 'ஏலியன்ஸ் வெர்சஸ் பிரிடேட்டர்' காமிக்ஸுக்கு அவர்கள் உருவாக்கிய நாயகி மச்சிகோ நொகுச்சி. எந்தப் படத்திலும் இல்லாதவள். தொலைதூரக் கிரகத்தில் குடியேறியவர்களை மேய்க்கிற நிர்வாகி. அவளை யாரும் கொல்லவில்லை, பெயரையும் மாற்றவில்லை. அடுத்தடுத்த கதைகளில் வளர்ந்துகொண்டே போனாள்.

இங்கேயே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காமிக்ஸில் பிடித்துப்போனதைப் படக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் கதையை எடுக்க மாட்டார்கள். கணத்தை எடுப்பார்கள். 2004இல் அந்த மோதல் படமானபோது தொலைதூரக் கிரகம் போய்விட்டது, அண்டார்டிகா பனிக்கு அடியில் ஒரு பிரமிடு வந்தது. மச்சிகோவும் இல்லை. ஆனால் கூட நின்று சண்டை போட்ட மனிதப் பெண்ணுக்கு வேட்டைக்காரன் ஏலியனின் அமில ரத்தத்தால் அடையாளம் சுட்டு வைக்கிற கணம் தப்பிப் பிழைத்தது. காமிக்ஸில் நெற்றி, படத்தில் கன்னம். நீங்கள் காமிக்ஸ் எழுதும்போது அப்படி ஒரு கணம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அது இல்லையென்றால் உங்கள் இதழ் படத்துக்கான விளம்பரத் துண்டு மட்டுமே.

விளம்பரத் துண்டு பற்றி இன்னொன்று. படம் நிற்பதற்குத் தேவையான தூணைக் காமிக்ஸுக்குள் நட்டுவிடாதீர்கள். 2009இல் 'ஸ்டார் டிரெக்' புதுப்படம் வருவதற்கு முன் 'கவுண்ட்டவுன்' என்று காமிக்ஸ் வந்தது. வில்லன் நீரோவின் துயரம், தொடரின் நாயகர்களில் ஒருவரான ஸ்பாக்கோடு அவனுக்கு இருந்த உறவு எல்லாம் அதில் விரிவாக இருக்கின்றன. படித்தவர்களுக்கு நீரோ மனிதன். படிக்காமல் தியேட்டருக்குப் போனவர்களுக்கு அவன் கத்துகிற ஆள். காமிக்ஸ் வாங்குபவர்கள் எப்போதும் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்குக் கூடுதல் சுவை கொடுங்கள், சோற்றையே அங்கே மாற்றி வைக்காதீர்கள்.

அடுத்து, கைவேலை. இதைத்தான் பிள்ளைகள் ரொம்ப அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். குறும்பட ஸ்கிரிப்டை வெட்டி வெட்டிப் பேனலில், அதாவது படக் கட்டங்களில், போட்டால் காமிக்ஸ் ஆகிவிடாது. அமெரிக்க இதழ் ஒன்றுக்கு 20 முதல் 22 கதைப் பக்கம். பக்கத்துக்கு ஐந்தாறு பேனல். ஒரு ஆள் நாற்காலியிலிருந்து எழுந்து கதவைத் திறப்பதற்கே மூன்று பேனல் செலவழித்தால் கதை எங்கே நடக்கும்? அதே சமயம், ஆயிரம் விண்கலங்களை வரைவதற்கும் ஒரு அறையை வரைவதற்கும் காகிதச் செலவு ஒன்றுதான் (ஓவியரின் விரல் வலி வேறு கணக்கு). கிராஃபிக்ஸுக்குப் பணம் இல்லாமல் உங்கள் படம் எங்கே கதவை மூடிக்கொண்டதோ அங்கே காமிக்ஸைத் தொடங்குங்கள். படத்தில் "தெற்குக் காலனி அழிஞ்சிடுச்சு" என்று ஒரு வசனம் வந்ததா? அதுதான் உங்கள் முதல் இதழ்.

பயமுறுத்தல் வேறு மாதிரி வேலை செய்யும். 1979 ஏலியன் படத்தில் சாப்பாட்டு மேசையில் நெஞ்சைப் பிளந்து குட்டி வருகிற இடம், சத்தத்தாலும் திடீரென்ற அசைவாலும் பிழைக்கிறது. காகிதத்தில் அந்த இரண்டும் இல்லை. உங்களிடம் இருப்பது பக்கம் புரட்டுகிற ஒரு நொடி. அதனால் அதிர்ச்சியை எப்போதும் இரட்டைப் படை எண் பக்கத்தில், இடது கைப் பக்கம், புரட்டியதும் முதலில் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். வலது பக்கத்தில் வைத்தால் வாசகர் கண் முன்னாலேயே போய்த் தொட்டுவிடும். மொபைலில் மட்டும் வெளியிடுகிறீர்கள் என்றால் பக்கக் கணக்குக்குப் பதில் கீழே தள்ளுகிற இடைவெளி. அதிர்ச்சிக்கு முன் வெற்று வெளி விடுங்கள்.

ஒலியை எழுத்தால் செய்யலாம், அது என் பேட்டை. 'ஏலியன்ஸ்' படத்தில் கையில் பிடித்திருக்கும் கருவி, ஏதோ நெருங்க நெருங்க பீப் பீப் என்று விரைந்து அடிக்கும். காமிக்ஸில் அதைப் பெரிய எழுத்தில் போடத் தேவையில்லை. சின்னதாக, ஒரே அளவில், பேனலுக்குப் பேனல் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போங்கள். கடைசிப் பேனலில் எழுத்துகள் ஒன்றை ஒன்று தொட வேண்டும். தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: நம் சொற்கள் நீளமானவை. ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்து அதே அளவுக்குப் பலூன் விட்டால் 'உறுதிப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்' போன்ற ஒரு சொல்லே மூக்கை இடிக்கும். ஒரு பலூனுக்குப் பன்னிரண்டு சொல்லைத் தாண்டினால் நான் பக்கத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஓவியருக்குக் கொடுக்கும் மாதிரித்தாள் பற்றிச் சுருக்கமாக. 1967இல் கோல்டு கீ வெளியிட்ட ஸ்டார் டிரெக் காமிக்ஸை வரைந்தவர்கள் இத்தாலியில் இருந்தார்கள். டிவி தொடரைப் பார்க்காமல், அனுப்பிய புகைப்படங்களை வைத்தே வரைந்தார்கள். என்டர்பிரைஸ் கப்பல் ராக்கெட் மாதிரி பின்னால் நெருப்பு கக்கிக்கொண்டு போகும். படிக்கப் படிக்கச் சிரிப்புதான். கப்பலை முன், பின், பக்கவாட்டு, உள்ளே என்று வரைந்து, எது எரியும் எது எரியாது என்றுகூட எழுதிக் கொடுங்கள்.

காமிக்ஸுக்கு இன்னொரு நல்ல வேலையும் உண்டு: எடுக்கப்படாத படத்துக்கு வீடு கொடுப்பது. வில்லியம் கிப்சன் எழுதி, எடுக்காமல் போன 'ஏலியன் 3' ஸ்கிரிப்டை டார்க் ஹார்ஸ் 2018இல் காமிக்ஸாகக் கொண்டுவந்தது. உங்களிடமும் பணமில்லாமல் கைவிட்ட இரண்டாவது பாகம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். முக்கியக் கதையில் சேராது என்று அட்டையிலேயே சொல்லிவிட்டு வெளியிடுங்கள்.

கடைசியாகக் காகித வேலை. டார்க் ஹார்ஸ் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த இரண்டு தொடர்களையும் வளர்த்தது. அந்தப் படங்களை வைத்திருந்த ஃபாக்ஸ் நிறுவனம் டிஸ்னி கைக்குப் போன பிறகு, 2020இல் காமிக்ஸ் உரிமை மார்வெலுக்குப் போய்விட்டது. பெரிய இடத்திலேயே அப்படி என்றால், நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து செய்கிற உங்கள் தொடரில் புதுப் பாத்திரம் யாருக்குச் சொந்தம்? காமிக்ஸில் பிறந்தவளைப் படத்தில் வைத்தால் அவளை உருவாக்கியவருக்கு என்ன கிடைக்கும்? ஓவியர் பாதியில் விலகினால் அந்த முகத்தை வேறு ஒருவர் வரையலாமா? ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்து போடுங்கள், அதற்குப் பிறகு பென்சிலை எடுக்கட்டும். எழுத்து போடுகிறவர் பெயரையும் அந்தத் தாளில் சேர்த்துவிடுங்கள், பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்.