வடசென்னையிலிருந்து அரசு கலைக் கல்லூரிக்கு: மூன்று ஆண்டுகளை முழுதாகப் பயன்படுத்துவது எப்படி?

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் தண்டையார்பேட்டையிலோ காசிமேட்டிலோ ஒரு வீட்டில் நடக்கும் பேச்சு, எந்தக் கல்லூரி, படித்தால் என்ன வேலை என்ற இரண்டு கேள்விகளோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்த மூன்று ஆண்டுகளில் என்ன படிப்பது, எப்படிப் படிப்பது என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர ஆளும் இருப்பதில்லை.

ஒரு துறையை ஆழமாகவும் பிற துறைகளைப் பரவலாகவும் படிக்கும் முறைக்கு லிபரல் ஆர்ட்ஸ் கல்வி என்று பெயர். தனியார் பல்கலைக்கழகங்கள் சில இதற்கு ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் வாங்குகின்றன. அமெரிக்காவில் இதே கல்வியை வழங்கும் அரசுக் கல்லூரிகளும் உண்டு. அங்கே மாணவர் பல துறைகளின் பாடங்களைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தம் முதன்மைப் பாடத்தை அறிவிக்கிறார். நம் அரசுக் கல்லூரியிலோ சேர்க்கை நாளன்றே துறை முடிவாகிவிடுகிறது. ஆகவே அந்தப் பரப்பை இங்கே மாணவர்தான் தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு வேண்டியவற்றில் பெரும்பாலானவை வடசென்னையிலும் அதன் எல்லையை ஒட்டியும் இருக்கின்றன.

முதலில் சேர்க்கை. வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி, ஆர்.கே. நகரில் அரசு கலை அறிவியல் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டையில் அரசு உதவி பெறும் சர் தியாகராயா கல்லூரி ஆகியவை அருகிலேயே உள்ளன. கடற்கரை நிலையத்தில் ரயில் மாறத் தயங்காதவர்களுக்கு 1840இல் தோன்றிய மாநிலக் கல்லூரியும் எட்டும் தூரம்தான். அரசுக் கல்லூரிகளுக்கு இணையவழியில் ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைக் குறிப்பிடலாம். பெரும்பாலான படிப்புகளுக்கு மொழிப்பாடங்களை விட்டு மற்ற நான்கு பாடங்களின் மதிப்பெண்ணை 400க்குக் கணக்கிட்டுத் தரவரிசை போடுகிறார்கள். தமிழ், ஆங்கில இலக்கியங்களுக்கு அந்தந்த மொழிப்பாட மதிப்பெண்ணே அடிப்படை. கலந்தாய்வு அன்று அசல் சான்றிதழ்களோடு நகல்களை இரண்டு மூன்று தொகுதிகளாகக் கொண்டு போவது நல்லது. நகலெடுக்கும் கடையில் அன்றைக்கு நிற்கும் வரிசை கலந்தாய்வு வரிசையைவிட நீளமாக இருக்கும்.

பி.காம். இடங்கள்தான் முதலில் நிரம்பும். அது கிடைக்கவில்லை என்பதற்காக ஓராண்டை வீணாக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நானும் வணிகவியல் கேட்டுப் போய் வரலாறு கிடைத்துத் திரும்பியவன்தான். வரலாறு, பொருளியல், தமிழ் ஆகிய துறைகளில் சேர்ந்தவர்களுக்கு நூலகத்துக்கும் வெளியிடங்களுக்கும் போக நேரம் ஓரளவு கூடுதலாகக் கிடைக்கிறது. செய்முறை வகுப்புகள் நிறைந்த அறிவியல் துறைகளில் அது கடினம்.

பல கல்லூரிகளில் காலை, பிற்பகல் என இரண்டு ஷிப்டுகள் உண்டு. வேலைக்குப் போயே ஆக வேண்டிய குடும்பச் சூழல் இருந்தால் அதைச் சேரும்போதே கணக்கில் வைத்து ஷிப்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு மாற்றுவது எளிதன்று. வேலை பார்ப்பவர்கள் 75 சதவீத வருகைப்பதிவை மறந்துவிடக் கூடாது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5 அன்று இதே பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. ஆதார் இணைத்த வங்கிக் கணக்கை முதல் மாதத்திலேயே சரிசெய்துவிட்டால், பின்னர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்காது.

வகுப்பில் முதல் பருவத்தில் பலரை அச்சுறுத்துவது ஆங்கிலம். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிப் பிரிவில் சேர்ந்த மாணவர், ஒவ்வொரு பாடத்தையும் முதலில் தமிழில் புரிந்துகொண்டு, பிறகு அதன் கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் ஒரு நோட்டில் எழுதிவந்தால், மூன்றாம் பருவத்துக்குள் விரிவுரை தானாகவே காதில் தெளியத் தொடங்கும். வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்து தேர்வில் தேறிவிட முடியும் என்பது உண்மைதான். ஆனால் அதன் பின் போட்டித் தேர்விலோ முதுகலையிலோ சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் கை ஓடாது. எழுத்துத் தேர்வுக்கு 75, அக மதிப்பீட்டுக்கு 25 என்ற வழக்கமான பங்கீட்டில் அந்த 25ஐப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். சொந்தமாக எழுதிப் பழகுவதற்கு, அதற்காகத் தரும் ஒப்படைப்பைவிட நல்ல வாய்ப்பு பாடத்திட்டத்தில் கிடையாது.

துணைப்பாடத்தை வெறும் சடங்காக நினைப்பதும் இதே போன்ற தவறுதான். விருப்பப் பாடத்தில் தேர்வு செய்யும் உரிமை கிடைக்கும் இடத்தில், எளிதில் மதிப்பெண் தரும் பாடத்தைத் தேடாமல், தம் துறைக்கு மிகத் தொலைவிலுள்ள ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். வேறு துறைப் பேராசிரியரின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார அனுமதி கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. கௌரவ விரிவுரையாளர்களிடமும் தயங்காமல் கேளுங்கள். அவர்களில் பலர் முனைவர் பட்டம் பெற்றவர்கள்.

வாரத்தில் ஒரு நாளை எழும்பூருக்கு ஒதுக்குவது நல்லது. புறநகர் ரயிலில் கடற்கரை வரை போய்த் தாம்பரம் ரயிலுக்கு மாறலாம்; மெட்ரோவென்றால் சென்ட்ரலில் மாற வேண்டும். மாணவர் சலுகைச் சீசன் டிக்கெட்டுக்குக் கல்லூரியின் சான்று வேண்டும். 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம், இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதிகள் சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. அருகிலேயே 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நான் ஒருமுறை மூடிய கதவின் முன் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் எழும்பூரைவிட நெருக்கமான பாடம் நம் தெருக்களிலேயே கிடக்கிறது. பொருளியல் மாணவர் பெரம்பூர் பின்னி ஆலையின் கதையைத் தேடட்டும்: அந்தத் தொழிலாளர்களிடையேதான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது, 1921இன் நீண்ட வேலைநிறுத்தம் அதன் தொடர்ச்சி. தமிழ் மாணவருக்குத் திருவொற்றியூர்க் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளும், ஏழுகிணற்றில் வள்ளலார் வாழ்ந்த வீடும் இருக்கின்றன. விலங்கியல் மாணவர், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்த எண்ணூர் முகத்துவாரத்தில் இறால் பிடிப்பவர்களோடு அரை நாள் பேசினால், பாடநூலில் இல்லாத பலவற்றை எழுதி வரலாம். பேசியதை அன்று இரவே தேதியோடு இரண்டு பக்கம் எழுதிவிட வேண்டும். மறுநாளைக்குத் தள்ளினால் பாதி போய்விடும். இந்தக் குறிப்புகளே மூன்றாம் ஆண்டு ஆய்வேட்டுக்குக் கருவாகும்.

பேருந்து விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். ஒரு பேருந்துத் தடத்தில் வரும் மாணவர்களின் தலைவன் என்ற பொருள்படும் ‘ரூட்டு தல’ என்ற பட்டத்துக்காகப் படிக்கட்டில் தொங்கி வழக்கில் சிக்கியவர்களுக்குப் பின்னாளில் அரசுப் பணிக்கான காவல்துறைச் சரிபார்ப்பில் வரும் தொல்லையை நேரில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் முதுகலைக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பதை ஐந்தாம் பருவத்திலேயே முடிவு செய்யுங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. அரியர் இருந்தால் இறுதிப் பருவம் வரை சேர்த்துவைக்காமல் ஒவ்வொரு வாய்ப்பிலும் ஒன்றிரண்டாக எழுதி முடிக்க வேண்டும். பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டால் உங்களை நன்கு அறிந்த ஆசிரியரிடம் ஆண்டு முடிவதற்குள் வாங்கிவிடுங்கள். அரசுக் கல்லூரி ஆசிரியர்களுக்கு இடமாறுதல் கலந்தாய்வு உண்டு, ஜூனில் போய்த் தேடும்போது அவர் வேறு மாவட்டத்தில் இருக்கக்கூடும்.