ஃப்ளூ ஊசி, காப்பீடு, பில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை ஓய்ந்து ஊரெல்லாம் இருமத் தொடங்கியதும் பாளையங்கோட்டையில் எந்தத் தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்குப் போனாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: "அண்ணாச்சி, ஃப்ளூ ஊசிக்குக் கார்டு செல்லுமா?" டெஸ்க்கில் புதிதாக உட்கார்ந்திருக்கும் தம்பி "செல்லும்" என்று சொன்னாலும் தப்பு, "செல்லாது" என்று சொன்னாலும் பாதி தப்பு. பழைய ஆட்கள் பத்து வருஷத்துக்கு முன்னால் செய்த அதே பிழைகளைப் புதிய ஆட்கள் வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

பெயரில் எழுத்துப் பிழை, காலாவதியான கார்டு, கையெழுத்து விட்டுப்போன படிவம் இவற்றையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு மாதம் டெஸ்க்கில் இருந்தால் அவை தாமாகவே பழகிவிடும்.

ஊசிக்கும் படுக்கைக்கும் ஒரே பதில் சொல்வது

நம் ஊரில் விற்கும் சாதாரண மருத்துவக் காப்பீடு, மருத்துவமனையில் படுத்து எடுக்கும் சிகிச்சைக்கானது. 24 மணி நேர அட்மிஷன் வேண்டும். ஒரே நாளில் முடிந்துவிடும் டே கேர் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும் இந்த 24 மணி நேர நிபந்தனை கிடையாது. ஃப்ளூ ஊசியோ கையில் குத்திவிட்டு அரை மணி நேரம் உட்கார வைத்து அனுப்பும் சமாச்சாரம். பெரும்பாலான பாலிசிகள் விலக்குப் பட்டியலில் "தடுப்பூசி, நோய்த்தடுப்புச் செலவுகள்" என்று தனியாகவே எழுதியிருக்கும். நாய்க்கடிக்குப் பின் போடும் ஊசிக்கு அதே வரியில் விதிவிலக்கும் இருக்கும். அந்த வரியைப் பாலிசிப் புத்தகத்தில் விரல் வைத்துப் படித்துக் காட்டுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

ஊசிக்குப் பணம் வரும் வழிகள் குறைவு. ஓபிடி ரைடர் (வெளிநோயாளிச் செலவுக்கான கூடுதல் காப்பீடு) வாங்கியிருக்க வேண்டும். அல்லது கம்பெனி தரும் குழுக் காப்பீட்டில் ஓபி தொகை ஒதுக்கியிருக்க வேண்டும். அல்லது பிரசவப் பலனோடு சேர்ந்து குழந்தைத் தடுப்பூசிக்கு வரம்பு கொடுத்திருக்க வேண்டும். ஆண்டுக்கொரு உடல் பரிசோதனைப் பலன் வேறு, ஊசி வேறு. இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிட்டு அப்புறம் திட்டு வாங்கும் ஏஜெண்டுகள் உண்டு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்றதும் ஊசியும் அதில் அடக்கம் என்று நினைக்கிறார்கள். அது சிகிச்சைத் தொகுப்பு வாரியாகப் பணம் தரும் திட்டம். ஃப்ளூ ஊசி அதில் ஒரு தொகுப்பு அல்ல.

அமெரிக்காவில் இருக்கும் மகள் போனில் "எங்களுக்கு ஃப்ளூ ஷாட் இன்சூரன்ஸிலேயே ஃப்ரீம்மா" என்பாள். அவள் சொல்வது சரி. அங்கே பெரும்பாலான காப்பீடுகள் தடுப்பு மருத்துவத்துக்கு முழுப் பணமும் தர வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தைப் பெருமாள்புரத்தில் தேடிப் பயனில்லை.

"பன்றிக்காய்ச்சல் ஊசி" என்று பில்லில் எழுதுவது

2009 ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் பன்றிக்காய்ச்சல் எனப்படும் எச்1என்1 காய்ச்சலைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. 2010 ஆகஸ்ட் 10 அன்று அது முடிந்தது என்றது. அந்த ஒரு வைரஸுக்கென்று தனி ஊசிகள் அப்போது வந்தன. அதன்பின் அந்த எச்1என்1 வகை, ஆண்டுதோறும் வரும் சாதாரண ஃப்ளூ ஊசியிலேயே ஓர் அங்கமாகிவிட்டது. இன்று "பன்றிக்காய்ச்சல் தடுப்பூசி" என்று எழுதிய பில் போனால், அந்தப் பெயரில் ஒரு மருந்தே இல்லையே என்று கேள்வி திரும்பி வரும். பில்லில் தயாரிப்பின் பெயர், பேட்ச் எண், காலாவதி மாதம் மூன்றும் இருக்கட்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரியில் ஊசியை எழுதுவது

நினைத்தாலே இன்னும் எரிச்சல் வரும் தவறு இது. மற்ற பெரும்பாலானவற்றில் போனால் இரண்டாயிரம், மூவாயிரம். இதில் மொத்த அட்மிஷன் பில்லும் போகும்.

அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, சர்க்கரை உண்டு. டாக்டர் சொன்னபடி ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறார். பத்து நிமிடத்தில் உதடு வீங்குகிறது, மூச்சு இழுக்கிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. அட்ரினலின் போட்டு, ஆக்சிஜன் வைத்து, ஐசியுவுக்கு மாற்றி, இரண்டு இரவு வைத்திருந்து அனுப்புகிறார்கள். உயிர் தப்பியது பெரிய காரியம். ஆனால் இரவுப் பணி டாக்டர் சம்மரியில் எழுதிய முதல் வரி: "ஃப்ளூ தடுப்பூசிக்காக வந்தவர், ஊசிக்குப் பின் கண்காணிப்புக்காக அனுமதி."

டெஸ்க்கில் இருப்பவர் அந்த வரியைப் பார்த்து, கிளெய்ம் படிவத்தில் மருத்துவமனை நிரப்பும் பி பகுதியில் முதன்மை நோய்க் குறியீடாக இசட் 25.1 போடுகிறார். அந்தக் குறியீட்டுக்கு அர்த்தம் "ஃப்ளூ தடுப்பூசி தேவைப்படுபவர்". நோயே இல்லாத ஆளுக்குப் போடுவது அது. அந்தப் பக்கம் கிளெய்மைப் பார்ப்பவர் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை, இந்த வரியைத்தான் பார்க்கிறார். "தடுப்பூசி" என்றதும் ஒரு விலக்கு தயார். "கண்காணிப்பு" என்றதும் இன்னொன்று: பரிசோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டும் அனுமதித்தால் பணம் இல்லை என்ற நான்காம் எண் பொது விலக்கு. ஒரே வாக்கியத்தில் இரண்டு கத்தியை எடுத்து நாமே கையில் கொடுத்திருக்கிறோம்.

ஊசி போடும் செலவுக்குக் காப்பீடு இல்லை. ஊசியால் உடம்பு கெட்டுப் படுத்தால் அது சிகிச்சை. 2021 மார்ச்சில் கொரோனா ஊசியை வைத்து இதே குழப்பம் வந்தபோது, ஊசியின் பக்கவிளைவால் மருத்துவமனையில் சேர்ந்தால் பாலிசி விதிகளுக்கு உட்பட்டுக் காப்பீடு உண்டு என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ தெளிவாகவே சொன்னது. அது கொரோனா ஊசிக்குச் சொன்னது என்றாலும், ஃப்ளூ ஊசிக்கும் வாதம் அதேதான். குறிப்பிட்ட பாலிசி வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சம்மரியில் நோய் என்ற இடத்தில் வந்த நோயை எழுத வேண்டும்: அனாஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை. குறியீடு T 80.5. மூச்சுத் திணறலோ அதிர்ச்சியோ இல்லாமல் கடும் காய்ச்சல், தடிப்பு போன்ற வேறு விளைவென்றால் T 88.1. காரணம் என்ற இடத்தில் ஒய் 59.0, அதாவது வைரஸ் தடுப்பூசியின் பாதக விளைவு. இசட் 25.1 இந்தக் காகிதத்தில் எங்கும் வேண்டாம். குறியீட்டை டெஸ்க்கில் யூகித்துப் போடாமல் டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள்.

குறியீட்டோடு வேலை முடிவதில்லை. ஊசி போட்ட மணி, அறிகுறி தொடங்கிய மணி, அப்போதைய ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, அட்ரினலின் எவ்வளவு, எத்தனை முறை, ஐசியுவுக்கு ஏன் மாற்றினோம் என்ற காரணம், அட்மிஷன் மணியும் டிஸ்சார்ஜ் மணியும் எல்லாம் சம்மரியில் இருக்க வேண்டும். "நோயாளி சீராக இருந்தார்" என்று பழக்கத்தில் எழுதும் வரிதான் பிறகு "அப்படியென்றால் எதற்கு ஐசியு?" என்று திரும்பி வருகிறது. ஊசியின் விலையும் அதற்கான ஓபி கட்டணமும் ஐபி (உள்நோயாளி) பில்லில் ஏறக் கூடாது. அவை தனி பில். ஊசிக்குப் பின் மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால் மாவட்டத் தடுப்பூசி அலுவலருக்குத் தகவல் படிவம் போக வேண்டும். அதன் நகலைக் கிளெய்மோடு இணைத்தால், இது ஊசியால் வந்த பாதிப்பு என்பதற்கு அதைவிட நல்ல காகிதம் கிடையாது.

இதைக் கேட்டதும் சில பேர் அடுத்த கோடிக்குப் போய்விடுகிறார்கள். ஊசி என்ற சொல்லே வராமல் "திடீர் ஒவ்வாமை" என்று மட்டும் எழுதச் சொல்லி டாக்டரை நச்சரிப்பார்கள். அது இன்னும் மோசம். அவசரப் பிரிவுச் சீட்டிலும் நர்ஸ் நோட்டிலும் ஊசி பற்றி எழுதியிருக்கும். அவற்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் உண்மையை மறைத்தார்கள் என்று கிளெய்மை முடித்துவிடுவார்கள். ஊசி நோயின் வரலாற்றில் இருக்கட்டும், நோயின் பெயரில் வேண்டாம்.

ஏற்கெனவே தப்பாக எழுதி, தப்பாகவே போய்விட்டதா? பழைய தேதியில் புதுச் சம்மரி அடிக்காதீர்கள். ஒரே நோயாளிக்கு ஒரே தேதியில் இரண்டு சம்மரி இருந்தால் சரியான கிளெய்மும் மோசடி மாதிரித் தெரியும். சிகிச்சை கொடுத்த டாக்டர் இன்றைய தேதியிட்டு, கையெழுத்து, பதிவு எண்ணோடு விளக்கக் கடிதம் எழுதட்டும்: முதல் சம்மரியில் இருந்த வாசகம் இது, உண்மையான நோய் இது, ஆதாரம் இந்தச் சார்ட் என்று.

நிராகரிப்புக் கடிதத்தில் எந்த விதியின் கீழ் நிராகரித்தார்கள் என்று எழுதியிருக்க வேண்டும். 2024 மே மாத ஐஆர்டிஏஐ சுற்றறிக்கைப்படி, மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளெய்மையும் நிராகரிக்கவும் முடியாது. கடிதத்தில் வெறும் "பாலிசி விதிகளின்படி" என்று இருந்தால் விதி எண்ணைக் கேட்டு எழுதுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் வரை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். அலுவலகம் சென்னையில்தான். ஆனால் புகாரை ஆன்லைனிலேயே பதியலாம், அதற்காக நெல்லை எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டியதில்லை. வழி தெரியாதவர்கள் ஐஆர்டிஏஐயின் உதவி எண் 155255-க்குப் பேசலாம்.

ஐபி பில்லுக்குள் ஊசியைச் செருகுவது

செய்யாதீர்கள். பாலிசியே ரத்தாகலாம்.

(காயத்துக்குத் தையல் போடும்போது கொடுக்கும் டெட்டனஸ் ஊசி இதில் சேராது, அது சிகிச்சையின் பகுதி.)

"இன்ஜெக்‌ஷன் சார்ஜ் 2,400" என்று ஒற்றை வரி

ஓபிடி ரைடர் உள்ளவர்களின் கிளெய்ம் பெரும்பாலும் இந்த வரியில்தான் சிக்குகிறது. டாக்டர் ஆலோசனை, ஊசி மருந்தின் விலை, ஊசி போடும் கட்டணம் மூன்றும் மூன்று வரியாக வேண்டும். சில ரைடர்கள் ஆலோசனைக்கு ஒரு வரம்பும் மருந்துக்கு வேறு வரம்பும் வைத்திருக்கும். ஒற்றை வரியில் வந்தால் எதற்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் குவெரி போடுவார்கள். கூடவே டாக்டரின் மருந்துச் சீட்டு, பதிவு எண். மருந்தை வெளியே மெடிக்கலில் வாங்கினால் அந்த பில்லும் தனியாக இருக்க வேண்டும். மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்துக் கொண்டுவர வேண்டும் என்பதால், வண்ணார்பேட்டையில் வாங்கி வெயிலில் கேரி பேக்கில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தால் எந்த டாக்டரும் போட மாட்டார்.

பெருந்தொற்றுக் காலத்தில் இந்தப் பிரிப்புக்குக் கூடுதல் மதிப்பு. அரசு இலவசமாகத் தந்த மருந்துக்கு விலை போட முடியாது. 2009-இல் அமெரிக்காவில் எச்1என்1 மருந்தை அரசே வாங்கிக் கொடுத்ததால், மருத்துவமனைகள் ஊசி போடும் கட்டணத்துக்கு மட்டும் பில் அனுப்பின. இங்கே 2021 ஜூனில் தனியார் மருத்துவமனைகள் கொரோனா ஊசிக்கு மருந்து விலைக்கு மேல் 150 ரூபாய் வரைதான் சேவைக் கட்டணம் வாங்கலாம் என்று வரம்பு வந்தது. மருந்தும் சேவையும் ஒரே எண்ணாக அடித்த பில்களில் அந்த 150 எங்கே என்று காட்டவே முடியவில்லை.

ஆறு மாதம் முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு முதல் முறை ஃப்ளூ ஊசி என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ். இரண்டுக்கும் முதல் நாளே பில் அடித்துக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. போடாத ஊசிக்கு எந்த நிறுவனமும் பணம் தராது.

மகன் பெயரில் பில்

சென்னையில் இருக்கும் மகன் கம்பெனிக் காப்பீடு வைத்திருக்கலாம், ஜிபேயில் பணமும் அனுப்பலாம். பில் மட்டும் ஊசி யார் கையில் ஏறியதோ அவர் பெயரில்.

முகாமில் கொடுத்த துண்டுச் சீட்டு

சீட்டில் மருத்துவமனைப் பதிவு எண் இல்லை, டாக்டர் பெயர் இல்லை. கிளெய்ம் இல்லை. முகாமிலேயே கேளுங்கள், மறுநாள் அந்த ஆட்களைப் பிடிக்க முடியாது. ஹஜ் போகிறவர்கள் மேலப்பாளையத்தில் வெளியே காசு கொடுத்துப் போட்டுக்கொள்வதற்கு முன், ஹஜ் கமிட்டி மூலம் அரசு நடத்தும் தடுப்பூசி முகாம் எப்போது என்று விசாரித்துக்கொள்ளலாம்.

லேசான காய்ச்சலை அட்மிட் செய்வது

ஊசி போட மறந்து, காய்ச்சல் வந்து, "எப்படியும் கார்டு இருக்கே, ஒரு நாள் படுத்துட்டுப் போறேன்" என்பவர்கள். மத்திய சுகாதாரத் துறையின் எச்1என்1 வழிகாட்டுதலில் ஏ, பி, சி என்று மூன்று பிரிவு உண்டு. ஏ பிரிவு லேசான காய்ச்சல், வீட்டிலேயே இருக்கலாம், பரிசோதனையும் வேண்டாம். பி பிரிவுக்கும் வீட்டுத் தனிமைதான், தேவைப்பட்டால் ஃப்ளூவுக்கான ஓசல்டமிவிர் மருந்து. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ரத்த அழுத்தம் குறைவு, மயக்கம் போன்ற அறிகுறியுள்ள சி பிரிவுக்குத்தான் உடனடி அட்மிஷன். ஏ பிரிவு ஆளைப் படுக்க வைத்தால் "சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை" என்று எழுதி அனுப்புவார்கள், அது நியாயமும்கூட. சி பிரிவு என்றால் அந்த அறிகுறிகளை எண்களோடு எழுதுங்கள். பரிசோதனையில் வைரஸ் உறுதியானால் குறியீடு ஜே 10, உறுதியாகாவிட்டால் ஜே 11. புதுப் பாலிசி எடுத்து 30 நாள் ஆகவில்லை என்றால் காய்ச்சலுக்குக் கிளெய்ம் போகாது. விபத்துக்கு மட்டும்தான் அந்தக் காத்திருப்பு கிடையாது.

உண்மையிலேயே படுக்க வேண்டி வந்தவர்கள், அதற்கு முன் ஓபியில் எடுத்த சுவாப் பரிசோதனை பில்லையும் ஓசல்டமிவிர் வாங்கிய மெடிக்கல் பில்லையும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பல பாலிசிகளில் அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள் செலவும் பிந்தைய 60 நாள் செலவும் அதே நோய்க்கானதாக இருந்தால் கிடைக்கும். சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டைப் பின் பண்ணிக் கொடுங்கள். போன வருஷம் போட்ட ஃப்ளூ ஊசி பில்லை அந்தக் கட்டில் சேர்த்துவிடாதீர்கள்.