அணைய மறுத்த டிரான்சிஸ்டர்

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் பி3ஹெச்டி என்ற குறைக்கடத்திப் பாலிமரை வைத்து டிரான்சிஸ்டர் செய்துகொண்டிருந்தேன். சிலிக்கான் வேஃபர் என்ற மெல்லிய தகடுதான் கேட், அதாவது மின்னோட்டத்தைத் திறந்து மூடும் முனை. அதன் மேல் மின்சாரம் கடத்தாத 300 நானோமீட்டர் ஆக்சைடு, தங்க மின்முனைகள், எல்லாவற்றுக்கும் மேலே ஸ்பின் கோட்டரில் வேகமாகச் சுழற்றிப் படியவைத்த பாலிமர். குளோரோஃபார்மில் ஆரஞ்சாக இருக்கும் கரைசல், காய்ந்ததும் ஊதாப் படலமாகிவிடும். பார்க்க அழகுதான், ஆனால் அணைப்பதற்காகக் கேட்டில் +20 வோல்ட் கொடுத்தாலும் டிரான்சிஸ்டர் அணையவில்லை.

முதலில் பாலிமரைத்தான் சந்தேகித்தேன். சாக்ஸ்லெட் என்ற பிரித்தெடுப்புக் கருவியில் மெத்தனால், ஹெக்ஸேன் என்று கழுவியே ஒரு வாரம் போனது. பலனில்லை. அப்புறம்தான் கேட் வழியே கசியும் மின்னோட்டத்தைத் தனியாக வரைந்து பார்த்தேன் (முதல் நாளே செய்திருக்க வேண்டியது). அதுவும் எகிறியிருந்தது. படலம் சில்லு முழுவதும் பரவி, வெட்டிய ஓரத்தில் வழிந்து, கீழே உள்ள சிலிக்கானைத் தொட்டுக்கொண்டிருந்தது. குளோரோஃபார்மில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஓரங்களைத் துடைத்தேன். ஒவ்வொரு டிரான்சிஸ்டரைச் சுற்றியும் ஊசியால் கீறித் தனியாக்கினேன். கசிவு நின்றது.

சரி, மிச்சக் குற்றவாளி காற்று. ஆக்சிஜன் பட்டால் பி3ஹெச்டி தானாகவே டோப் ஆகிவிடும், அதாவது கேட் திறக்காமலேயே மின்சாரம் கடத்தும். வெற்றிட அடுப்பில் 120 டிகிரியில் ஓர் இரவு வைத்துவிட்டு, நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள்ளேயே அளந்தேன். பத்தைத் தாண்டாத ஆன்-ஆஃப் விகிதம் (திறந்த நிலை மின்னோட்டம் அணைந்த நிலையைப் போல எத்தனை மடங்கு என்பது) பத்தாயிரத்துக்கு வந்தது. நுண்ணோக்கி விளக்கை அணைக்க மறந்தால் மட்டும் வெளிச்சம் பட்டு மின்னோட்டம் மறுபடி ஏறும். அப்படி இரண்டு தடவை பயந்திருக்கிறேன்.