சுடிதார் டாப்பில் போன் நிற்கும் பாக்கெட்: பக்கத் தையலுக்குள் வைப்பது எப்படி?

ரெடிமேட் டாப்பில் பாக்கெட் இருந்தாலும் பெரும்பாலும் சில்லறைதான் போட முடியும். போன் வைத்தால் தலை வெளியே நிற்கும், உட்கார்ந்தால் விழுந்துவிடும். புது டாப் தைக்க வேண்டியதில்லை. இருக்கிற டாப்பின் பக்கத் தையலைப் பிரித்து உள்ளேயே ஒரு பை சேர்த்துவிடலாம். மிஷினில் நேராகத் தையல் ஓட்டத் தெரிந்தால் போதும். நூல் கோப்பது, பாபின் சுற்றுவது எல்லாம் இங்கே வராது.

பைக்குத் துணி பாப்ளின், உள்பாவாடைக்கு எடுப்போமே அதேதான். அரை மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் வரும். லைனிங் துணி வேண்டாம். சாவிக்கொத்து சீக்கிரமே ஓட்டை போட்டுவிடும். டாப்பின் நிறத்திலேயே எடுங்கள், கை விடும்போது உள்ளே வேறு நிறம் பளிச்சென்று தெரியாது. வெட்டுவதற்கு முன் ஒரு தடவை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். காட்டனுக்கு 14 நம்பர் ஊசி, ரேயானுக்கு 11. தையல் பிரிக்க சீம் ரிப்பர் வாங்கிக்கொள்ளுங்கள், சின்னச் சாமான்தான். பிளேடால் பிரித்தால் துணியும் சேர்ந்து கிழிய வாய்ப்பு அதிகம்.

முதலில் பேப்பர்

நியூஸ்பேப்பரில் உயரம் 12½ இன்ச், அகலம் 7½ இன்ச் ஒரு கட்டம் வரையுங்கள். பக்கத் தையலோடு சேரும் ஓரம் மேலிருந்து 8 இன்ச் வரை நேராக இருக்கட்டும். அதற்குக் கீழே அந்த ஓரம் உள்நோக்கி வளைந்து, அடியில் 1½ இன்ச் தள்ளி முடிய வேண்டும். இந்த வளைவு எதற்கு என்பது ஸ்லிட்டுக்கு, அதாவது டாப்பின் பக்கத்தில் கீழே திறந்திருக்கும் வெட்டுக்கு, வரும்போது புரியும்.

டாப்பைப் போட்டுக்கொண்டு கையை இயல்பாக இடுப்பில் வையுங்கள். மணிக்கட்டு இருக்கும் இடத்தில் பக்கத் தையல்மேல் சாக்கால் ஒரு கோடு. அதிலிருந்து 6 இன்ச் கீழே இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் பாக்கெட்டின் வாய். பேப்பரின் மேல்முனை முதல் கோட்டுக்கு ஒரு இன்ச் மேலே வரும்படி குண்டூசியால் குத்துங்கள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு கையைக் கொண்டுபோங்கள். கை தடவித் தேடினால் இடம் தவறு, ஒரு இன்ச் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். மொபைல் ஆப் வடிவமைப்பவர்களும் புரோகிராம் எழுதுவதற்கு முன் திரையைக் காகிதத்தில் வரைந்து, யாரிடமாவது கொடுத்து, விரல் எங்கே போகிறது என்று பார்ப்பார்கள். அங்கே பட்டன், இங்கே பாக்கெட். எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தால், மாற்ற வேண்டியது இடத்தைத்தான், ஆளை அல்ல.

ஸ்லிட்

பெரும்பாலும் தொல்லை வருவது இங்கேதான். பாக்கெட் வாயின் கீழ்க்கோட்டுக்கும் ஸ்லிட் ஆரம்பிக்கும் இடத்துக்கும் நடுவே குறைந்தது 1½ இன்ச் தையல் இருக்க வேண்டும். குறைந்தால் போன் கனத்தில் அந்தத் துண்டுத் தையல் பிரிந்து வாயும் ஸ்லிட்டும் ஒன்றாகிவிடும். இடம் போதவில்லையா? வாயை மேலே தள்ளாதீர்கள், கை மடக்க முடியாமல் போகும். ஸ்லிட்டின் மடிப்பை 2 இன்ச் பிரித்து, பக்கத் தையலை அதுவரை இறக்கித் தையுங்கள். 3 இன்ச்சுக்கு மேல் இறக்கினால் மாடிப்படி ஏறும்போது டாப் காலைப் பிடிக்கும்.

பையின் அடிப்பாகம் எப்படியும் ஸ்லிட்டுக்குக் கீழே தொங்கும். அதனால்தான் அந்த வளைவு: பை முன்பக்கமாக ஒதுங்கி நிற்கும், நடக்கும்போது ஸ்லிட் வழியே எட்டிப்பார்க்காது.

பிரித்துத் தைத்தல்

பாப்ளினை இரண்டாக மடித்து வெட்டினால் எதிரெதிர்த் துண்டுகள் தானாகக் கிடைக்கும். தனித்தனியாக வெட்டி இரண்டும் ஒரே பக்கமாக வந்துவிட்டால் ஒன்று வீண்.

பிரிப்பதற்கு முன் இரண்டு சாக் கோட்டிலும், வாய்க்கு வெளிப்பக்கமாக அரை இன்ச் ரிவர்ஸ் தையல் (முன்னும் பின்னும் ஓட்டுவது) போட்டுவிடுங்கள். போடாமல் பிரித்தால் தையல் இருபக்கமும் ஓடிக்கொண்டே போகும். பிறகு நடுவில் 6 இன்ச் பிரியுங்கள். ஓவர்லாக், அதாவது துணி ஓரம் நூல் பிரியாமல் இருக்க அடிக்கும் தையல், இரண்டு துணியையும் சேர்த்து அடித்திருந்தால் அதை மட்டும் 8 இன்ச் பிரிக்க வேண்டும்.

ஒரு துண்டை டாப்பின் முன்பக்க ஓரத்தோடு, இன்னொன்றைப் பின்பக்க ஓரத்தோடு, நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்க வைத்துத் தையுங்கள். பழைய தையல் கோட்டின்மேலேயே ஓட்டாமல் ஒரு நூல், அதாவது 1/8 இன்ச், ஓரமாகத் தள்ளி ஓட்டுங்கள். பாப்ளின் உள்ளே அடங்கிவிடும். டாப் ரேயான் என்றால் முன்பக்க ஓரத்தில் 8 இன்ச் காட்டன் நாடாவையும் சேர்த்துத் தையுங்கள். இல்லாவிட்டால் வாய் இழுபட்டுத் தொங்கும்.

இரண்டு துண்டையும் முன்பக்கம் சாய்த்து இஸ்திரி போட்டு, பையைச் சுற்றி அரை இன்ச்சில் இரண்டு வரிசை ஓட்டுங்கள். கவனம் கீழ் மூலையில் இருக்கட்டும். பைத் தையல் வாயின் கீழ்க்கோட்டிலேயே நின்றுவிட்டால் அங்கே ஒரு சின்ன இடைவெளி விழும். கண்ணுக்குத் தெரியாது, ஒரு ரூபாய்க் காசு மட்டும் சரியாக அதில் நழுவும். பழைய ரிவர்ஸ் தையலின்மேல் கால் இன்ச் ஏறி முடியுங்கள். சுண்டுவிரலை உள்ளேவிட்டுத் துழாவிப் பாருங்கள். விரல் நுனி வெளியே வந்தால் அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓட்டுங்கள். வாயின் இரு முனையிலும் வெளியிலிருந்து கால் இன்ச்சுக்கு நாலைந்து தடவை முன்னும் பின்னும் ஓட்டினால் வேலை முடிந்தது.

பிறகு சேர்த்தது

ஸ்லிட்டுக்கு மேலே சுருக்கம் விழுகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். பின்பக்க ஓரத்துணி (தையலுக்கு வெளியே விட்ட துணி) மேலே முன்னோக்கியும் ஸ்லிட்டில் பின்னோக்கியும் மடங்குவதால் வருவது அது. பையின் நேர் ஓரம் முடியும் இடத்தில் அந்த ஓரத்துணிக்கு மட்டும் ஒரு சின்ன வெட்டு கொடுங்கள், தையலுக்கு ஒரு நூல் முன்னால் நிறுத்திக்கொண்டு.

பக்கத்தில் ஜிப் வைத்த டாப் என்றால் ஜிப் இல்லாத பக்கம் வையுங்கள், அநேகமாக அது வலப்பக்கமாகத்தான் இருக்கும். உடம்பைப் பிடித்தாற்போல் தைத்த டாப்புக்கு இந்த முறை வேண்டாம். போனின் நாலு மூலையும் வெளியே தெரியும்.